சி.ஏ. பரீட்சை பயமும் கம்பெனி வரியும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி தில்லைநகரில் சின்னதாக ஓர் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். பகலில் ஆர்டிகிள் பிள்ளைகள் (சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்புக்காக ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி பெறுபவர்கள்), மாலையில் அந்தப் படிப்பின் நடுக்கட்டமான இன்டருக்கு டேக்ஸ் படிக்க வரும் பிள்ளைகள். கேள்விகள் மட்டும் வருடா வருடம் மாறுவதில்லை. அதனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது "எப்படிப் படிக்கிறது?" என்று கேட்பவர்கள், பத்து நாள் இருக்கும்போது "கார்ப்பரேட்டுக்கு மட்டும் ஏன் வரியைக் குறைச்சாங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். நல்ல கேள்விதான், நேரம்தான் சரியில்லை. அதனால் இரண்டு வகைக் கேள்விகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன்.

மேம், இன்டர்ல பாஸ் ஆக எத்தனை மார்க் வேணும்? ஒரு பேப்பர்ல 39 வந்தா மொத்தமும் போச்சா?

இன்டரில் ஆறு பேப்பர், மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப்பின் மூன்று பேப்பருக்கும் சேர்த்து 150. இரண்டும் வேண்டும். 70, 65, 39 என்று வந்தால் கூட்டுத்தொகை 174 இருந்தும் குரூப் போய்விடும்.

ஆனால் மொத்தமும் போகாது. 60 அல்லது அதற்கு மேல் எடுத்த பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன் (மறுபடி எழுத வேண்டாம் என்ற விலக்கு) உண்டு. அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை அந்த மார்க் கூடவே வரும். மேலே சொன்ன ஆளுக்கு இரண்டு பேப்பர் கைக்கு வந்துவிட்டது, அடுத்த முறை மூன்றாவதில் 40 எடுத்தால் போதும். ஒரே நிபந்தனை, அந்த குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதியிருக்க வேண்டும். "கடைசிப் பேப்பர் சரியா படிக்கல, அதனால போகல" என்று ஒரு பெண் என்னிடம் வந்து சொன்னபோது அவளுடைய முதல் பேப்பரில் 68 இருந்தது. அந்த 68ம் வீண். வெறும் பேனாவோடு போயாவது ஹாலில் உட்கார்ந்துவிடுங்கள்.

ரெண்டு குரூப்பும் சேர்த்து எழுதறது நல்லதா, ஒண்ணொண்ணா எழுதறது நல்லதா?

சேர்த்து எழுதினால் ஒரு லாபம் உண்டு. ஒரு குரூப்பில் 140, இன்னொன்றில் 165 என்றால் தனித்தனியாகப் பார்த்தால் முதலாவது ஃபெயில். ஆனால் ஆறு பேப்பரும் சேர்த்து 305. எல்லாவற்றிலும் 40 இருந்தால் இரண்டு குரூப்பும் பாஸ். இந்தப் பத்து மார்க் தானம் ஒண்ணொண்ணாக எழுதுகிறவருக்குக் கிடைக்காது.

அதற்காக எல்லாரையும் சேர்த்து எழுதச் சொல்ல மாட்டேன். முழு நேரமாக எட்டு மாதம் படிக்க முடிகிறவர் சேர்த்து எழுதட்டும். கல்லூரிக்கும் போய்க்கொண்டு, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவர் ஒரு குரூப்பை முடித்துவிட்டு வரட்டும். 2024 மே முதல் இன்டர் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. நாங்கள் படித்த காலம்போல ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

படிச்சதெல்லாம் ஹால்ல போனதும் மறந்துடுது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. 2024 மேயில் நடந்த ஃபைனலில் (சி.ஏ.வின் கடைசிக் கட்டத் தேர்வு) இரண்டு குரூப்பும் எழுதியவர்களில் பாஸ் ஆனது 19.88 சதவீதம். அதாவது உங்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஐந்துக்கு நாலு பேர் உங்களைப்போல முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்து டேபிள்காரர் அடிஷனல் ஷீட் வாங்கினால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தமில்லை, கையெழுத்து பெரிசாகவும் இருக்கலாம்.

மறதி என்று நாம் சொல்வதில் பாதி மறதியே இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விடையைப் பார்த்துக்கொண்டே "ஆமா, இது தெரியும்" என்று தலையாட்டிப் படித்திருப்போம். அது படிப்பு இல்லை, முகம் தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. பேர் கேட்டால் வராது. புத்தகத்தை மூடிவிட்டு, மதியம் 2 முதல் 5 வரை, பரீட்சை நடக்கிற அதே நேரத்தில், முழு வினாத்தாளையும் எழுதிப் பாருங்கள். ஆறேழு தடவையாவது. தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம் அது. உடம்பையும் அதற்குப் பழக்க வேண்டும்.

என் சொந்தக் கதை ஒன்று. முதல் அட்டெம்ப்ட், அக்கவுன்ட்ஸ் பேப்பர், கூட்டினால் ஒவ்வொரு தடவையும் 18,400 கூடுதலாக வருகிறது. கை நடுங்க நாலு முறை போட்டேன். இருபது நிமிடம் போன பிறகுதான் கால்குலேட்டர் திரையின் மூலையில் எறும்பு மாதிரி ஒரு சின்ன 'எம்' நிற்பதைப் பார்த்தேன். காலையில் வீட்டில் போட்ட கணக்கின் எண் மெமரியில் அப்படியே இருந்திருக்கிறது. ஏசி பட்டன் அதை அழிக்காது, எம்சி அழுத்த வேண்டும். இன்றைக்கும் ஹாலுக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் "ஆல் தி பெஸ்ட்" சொல்வதற்கு முன் "எம்சி அழுத்தினியா?" என்றுதான் கேட்பேன்.

பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலன்னா என்ன பண்றது? அங்கேயே மூச்சு நின்னுடுது.

இரண்டு நிமிடம் மட்டும் கொடுங்கள். இரண்டு பக்கக் கூட்டலின் வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் 63,500ஐ 65,300 என்று எங்கோ மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். வகுபடவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது தப்பான பக்கத்தில் ஏறியிருக்கிறது. அதுவும் இல்லையா, விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மார்க் கடைசி வரியில் மட்டும் இல்லை. ஒர்க்கிங் நோட்ஸில் ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு. டேலி ஆகாத விடைக்கு 14க்கு 11 வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். டேலி ஆக்கியே தீருவேன் என்று அடுத்த 16 மார்க் கேள்வியைத் தொடாமல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அக்கா, செப்டம்பர்ல ஆபீஸ்ல டேக்ஸ் ஆடிட் பிழியுது. வீட்டுக்கு வந்து எப்படிப் படிக்கிறது?

படிக்க முடியாது. டேக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாளான செப்டம்பர் 30 நெருங்கும்போது ராத்திரி பத்து மணிக்கு வீடு போய்ச் சேர்ந்து ஸ்டாண்டர்ட்ஸ் (கணக்கு, தணிக்கை விதிமுறைகள்) படித்தேன் என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன். அந்த மாதத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். புதுப் பாடத்திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது, அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். அந்த ஆறு மாதம் உங்களுடையது. ஆபீஸ் நேரத்தில் ஒன்று செய்யலாம்: கையில் இருக்கும் ஃபைலில் எந்தப் பிரிவு வருகிறதோ அதை அன்றைக்கே மூலச் சட்டத்தில் ஒரு தடவை படித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. எந்த நோட்ஸைவிடவும் அது அதிகம் ஒட்டும்.

வீட்டில் "இன்னும் எத்தனை அட்டெம்ப்ட்?"னு கேட்டாலே அழுகை வருது.

அப்பா கேட்பது பெரும்பாலும் அந்தக் கேள்வியை இல்லை. "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்கத் தெரியாமல் அட்டெம்ப்ட் கணக்கைக் கேட்கிறார். முதல் கேள்வியில் சொன்ன எக்ஸெம்ப்ஷன் விஷயத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். "ஃபெயில்" என்ற ஒரே வார்த்தைதான் அவர்களுக்குத் தெரிகிறது. ஆறில் மூன்று முடிந்துவிட்டது, மூன்றுதான் பாக்கி என்பது தெரிவதில்லை. தாளில் பார்த்த பிறகு பேச்சு மாறுவதை நான் நாலைந்து வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அழுகை ஒரு நாளோடு போகாமல், வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்றெல்லாம் தோன்றினால் அது பரீட்சை டென்ஷன் இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இதற்கு வெட்கம் வேண்டாம்.

சரி, டேக்ஸுக்கு வரேன். கார்ப்பரேட் வரியும் கம்பெனி கட்டற ஜிஎஸ்டியும் ஒண்ணா?

இல்லை. ஜிஎஸ்டி வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கொடுப்பது. கம்பெனி அங்கே வசூல்காரர். கார்ப்பரேட் வரி, கம்பெனி தன் லாபத்திலிருந்து தன் பையிலிருந்து கட்டும் வருமான வரி. நஷ்டம் வந்தால் பொதுவாக வரி இல்லை, ஆனால் விற்பனைக்கு ஜிஎஸ்டி உண்டு. இன்டர் டேக்ஸ் பேப்பரில் இரண்டுக்கும் 50, 50 மார்க் என்பதால்தான் ஒன்றாகக் குழம்புகிறது.

30, 25, 22, 15ன்னு எத்தனை ரேட்? எது யாருக்குன்னு தலை சுத்துது.

கதையாகப் படித்தால் சுத்தாது. 2015 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, 30 சதவீத கம்பெனி வரியை நாலு வருடத்தில் 25க்குக் கொண்டுவருகிறோம், கூடவே சலுகைகளையும் விலக்குகளையும் எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தார். அது சிறிய கம்பெனிகளிலிருந்து படிப்படியாக வந்து, விற்றுமுதல் 400 கோடி ரூபாய் வரை உள்ள கம்பெனிக்கு 25, அதற்கு மேல் 30 என்று 2019ல் நின்றது.

அப்புறம் 2019 செப்டம்பர் 20. ஏப்ரல்-ஜூன் காலாண்டு வளர்ச்சி 5 சதவீதம் என்று அறிவிப்பு வந்து எல்லாரும் கவலையில் இருந்த நேரம். கோவாவில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடுவதற்கு முன் நிர்மலா சீதாராமன் அவசரச் சட்டத்தை அறிவித்தார்: சலுகைகளை விட்டுக்கொடுக்கும் எந்த உள்நாட்டுக் கம்பெனிக்கும் 22 சதவீதம், அந்த வருடம் அக்டோபர் 1 முதல் தொடங்கும் புதிய உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீதம். அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,921 புள்ளி ஏறியது. எங்கள் அலுவலகத்தில் யாரும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை, எல்லார் கையிலும் கால்குலேட்டர்.

சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி), செஸ் (அவை இரண்டின் மேலும் போடும் 4 சதவீதத் தீர்வை) எல்லாம் சேர்த்தால் 22 என்பது 25.168 ஆகும், 15 என்பது 17.16 ஆகும், 10 கோடிக்கு மேல் வருமானம் உள்ள கம்பெனிக்குப் பழைய 30 என்பது 34.944. 15 சதவீதத் திட்டத்தில் 2024 மார்ச் 31க்குள் உற்பத்தி தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கதவு மூடிவிட்டது, உள்ளே போனவர்கள் அனுபவிக்கிறார்கள்.

22தானே கம்மி, அப்போ எல்லாரும் அதைத்தானே எடுப்பாங்க?

இங்கேதான் பரீட்சையில் மார்க் போகிறது. 22 இலவசம் இல்லை, அதற்கு விலை உண்டு. கூடுதல் தேய்மானம் (புது மெஷினுக்காக வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழிக்கும் தொகை), சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை, ஆராய்ச்சிச் செலவுக்கான தனிக் கழிவு போன்றவற்றை விட வேண்டும். அவற்றால் உண்டான பழைய நஷ்டத்தையும் கழிக்க முடியாது. மேட் (குறைந்தபட்ச மாற்று வரி) கட்டிச் சேர்த்த கிரெடிட்டும் போய்விடும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஒரு தடவை உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 400 கோடிக்குக் கீழே விற்றுமுதல். வருடத் தொடக்கத்திலேயே 50 லட்சத்துக்குப் புது நிட்டிங் மெஷின் வாங்கி ஓட்டுகிறார்கள். கூடுதல் தேய்மானம் 20 சதவீதம், அதாவது 10 லட்சம். அது போக வரிக்குரிய வருமானம் 80 லட்சம். பழைய வழியில் 25 சதவீதமும் 4 சதவீத செஸும் சேர்த்து 20,80,000 ரூபாய். 22க்குப் போனால் அந்த 10 லட்சம் திரும்பச் சேர்ந்து வருமானம் 90 லட்சமாகிவிடும், வரி 22,65,120. 'குறைந்த' விகிதத்தால் 1,85,120 ரூபாய் அதிகம். மெஷினே வாங்காமல் வருமானம் 80 லட்சமாக இருந்திருந்தால் 22தான் லாபம், வரி 20,13,440.

ஃபைனலில் இன்னும் ஒரு படி போய், இந்தக் கூடுதல் தேய்மானம் வரியை அழிப்பதில்லை, பெரும்பாலும் தள்ளித்தான் போடுகிறது என்றும் எழுத வேண்டும். இந்த வருடம் 10 லட்சம் கழித்தால் அடுத்த வருடம் தேய்மானம் போட மெஷினின் மதிப்பு அவ்வளவு குறைந்திருக்கும். பழைய வழியில் மேட் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இன்டர் மாணவர்கள் விகிதம், சர்சார்ஜ் வரை தெளிவாக இருந்தாலே பெரும்பாலும் போதும்.

வருமானம் ஒரு கோடியைத் தாண்டல. அப்புறம் ஏன் சர்சார்ஜ் போட்டீங்க?

மேலே 90 லட்சத்துக்குக் கணக்குப் போட்டதைப் பார்த்துத்தானே கேட்கிறீர்கள்? 22 சதவீதத் திட்டத்தில் சர்சார்ஜ் 10 சதவீதம் நிரந்தரம். வருமானம் ஒரு லட்சமாக இருந்தாலும் உண்டு, நூறு கோடியாக இருந்தாலும் அதேதான். ஒரு கோடிக்கு மேல் 7, பத்துக் கோடிக்கு மேல் 12 என்ற படிக்கட்டு பழைய வழிக்கு மட்டும். விடைத்தாளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான்.

எங்க அப்பா பார்ட்னர்ஷிப்ல கடை வெச்சிருக்கார். அவருக்கு 30, பெரிய கம்பெனிக்கு 22. இது நியாயமா?

கோபம் புரிகிறது. ஆனால் பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது. கூட்டு நிறுவனம் 100 ரூபாய் லாபத்துக்கு 30 சதவீதமும் செஸும் சேர்த்து 31.20 கட்டுகிறது (வருமானம் ஒரு கோடிக்குள் என்றால்). மீதி 68.80 உங்கள் அப்பா கைக்கு வரும்போது மறுபடி வரி இல்லை.

கம்பெனி 25.17 கட்டுகிறது. மீதி 74.83. அதை டிவிடெண்டாகக் கொடுத்தால், 2020 ஏப்ரல் முதல் வாங்குகிறவர் தன் வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். அவர் 30 சதவீதப் படியில் இருந்தால் 23.35 போகும். ஆக மொத்தம் 48.52. லாபத்தை வெளியே எடுத்துச் சாப்பிடுகிறவருக்கு பார்ட்னர்ஷிப்தான் மேல்; லாபத்தை உள்ளேயே போட்டுத் தொழிலை வளர்க்கிறவருக்குக் கம்பெனி மேல்.

அப்படியும் நியாயமா என்றால், முழுக்க இல்லை என்பதே என் எண்ணம். கடையில் சரக்கு போட, கிளை திறக்க லாபத்தை உள்ளே விடுகிற சின்ன பார்ட்னர்ஷிப்புக்கும் அதே 31.20தான். 2019ல் இவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. "அப்போ கம்பெனியா மாத்திடலாமா?" என்று அப்பா கேட்டால், வருடா வருடம் ஆடிட், ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) ஃபைலிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

2019ல வரியைக் குறைச்சது சரியா, தப்பா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் வராது. அரசே சொன்ன கணக்கு, வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விடப்படுகிறது என்பது. கம்பெனி வரி வசூல் 2018-19ல் சுமார் 6.63 லட்சம் கோடி, 2019-20ல் 5.57 லட்சம் கோடி. அடுத்த வருடம் இன்னும் விழுந்தது, ஆனால் அது கொரோனா வருடம், வரிக்குறைப்பின் தலையில் மட்டும் கட்ட முடியாது. பிறகு ஏறி 2023-24ல் 9.11 லட்சம் கோடியைத் தொட்டது. "பாருங்கள், ஏறிவிட்டதே" என்பார் ஒருவர். அதே காலத்தில் தனிநபர் வருமான வரி 4.73 லட்சம் கோடியிலிருந்து 10 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டதே, தனிநபர்கள் கம்பெனிகளைவிட அதிகம் கட்டுகிறார்களே என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

குறைத்ததன் நோக்கம் முதலீடும் வேலையும். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே, 2020க்கும் 2023க்கும் இடையில் கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நாலு மடங்கானது, ஆள் சேர்ப்பும் சம்பளமும் அந்த வேகத்தில் வளரவில்லை என்று எழுதியது. எதிர்க்கட்சி சொன்னதில்லை, நிதியமைச்சகத்தின் ஆவணம். மறுபக்கம், அமெரிக்கா 2018ல் 35லிருந்து 21க்கு இறங்கிய பிறகு நாம் 30க்கு மேலேயே உட்கார்ந்திருக்க முடியுமா என்ற கேள்வியும் சும்மா இல்லை.

என் அபிப்பிராயம் இது. சலுகைக் காட்டை வெட்டி விகிதத்தைக் குறைத்தது சரி. நூறு விலக்கு இருந்தால் நல்ல ஆடிட்டர் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் லாபம், இதை ஆடிட்டராக இருந்துகொண்டே சொல்கிறேன். ஆனால் புதுசாக எதுவும் செய்யாத கம்பெனிக்கும் 22ஐத் தூக்கிக் கொடுத்தது கை தாராளம். புது ஆலை போட்டால் 15 என்றார்களே, அதில்தான் 'கொடுத்தால் கொடுக்கிறேன்' என்ற பேச்சு இருந்தது. அதைக் காலாவதியாக விட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொண்டது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. என்னிடம் படித்து இப்போது பெரிய கம்பெனியில் நிதிப் பிரிவில் இருக்கும் பையன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். குறைந்த வரியால்தான் எங்கள் கம்பெனி கடனை அடைத்தது, அதுவும் முதலீட்டுக்கு முதல் படிதானே என்பான். அதுவும் வாதம்தான்.

இந்தக் கருத்தையெல்லாம் பேப்பர்ல எழுதினா மார்க் உண்டா?

கிடையாது. டேக்ஸ் பேப்பர் கேட்பது சட்டம் என்ன, கணக்கு என்ன, முடிவு என்ன. "இப்பிரிவு சிறு தொழிலுக்கு அநீதி" என்று ஒரு பையன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். தமிழ்ப் பட்டிமன்றமாக இருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஃபைனலின் ஆறாவது பேப்பர், அந்தத் திறந்த புத்தக கேஸ் ஸ்டடியில்கூட, கிளையன்ட்டுக்கு எது லாபம் என்றுதான் கேட்பார்கள், நாட்டுக்கு எது லாபம் என்று இல்லை.

ஆனால் கருத்து வீண் என்றும் நினைக்காதீர்கள். ஒரு பிரிவு ஏன் வந்தது, யார் சண்டை போட்டார்கள் என்று தெரிந்தால் நிபந்தனைகள் தானாக நினைவில் நிற்கும். 22க்கு விலை சலுகைகள் என்று புரிந்தவருக்கு, எந்தெந்தக் கழிவு போகும் என்ற பட்டியலை மனப்பாடம் செய்யும் வேலை பாதி குறைந்துவிடும். சண்டையை ஜனவரியில் போடுங்கள், மே முதல் வாரத்தில் வேண்டாம்.

பட்ஜெட்டும் வந்தாச்சு, புது வருமான வரிச் சட்டமும் வந்தாச்சு. எதைப் படிக்கிறது?

உங்கள் அட்டெம்ப்ட்டுக்கு எந்த நிதிச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் பொருந்தும் என்று இன்ஸ்டிடியூட் (பரீட்சை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.) அறிவிக்கும். அது மட்டும்தான் உங்களுக்குச் சட்டம். பிப்ரவரி 1 அன்று டிவி முன் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு, மே மாதம் அதை எழுதி மார்க் விட்டவர்கள் உண்டு.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 536 பிரிவுகள். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைத் தலைவலி போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே வந்திருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 80சி (சேமிப்புக்கான கழிவு) இப்போது 123. பழைய எண்களை முப்பது வருடமாக நாக்கில் வைத்திருக்கும் எங்கள் பாடுதான் திண்டாட்டம். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

உலகம் முழுக்க 15% மினிமம் டேக்ஸ்னு சொல்றாங்களே, அதுதான் நம்ம 15% ஸ்கீமா?

மூன்று 15 இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. முதலாவது, மேலே சொன்ன புதிய உற்பத்திக் கம்பெனிக்கான 15. இரண்டாவது மேட்: புத்தக லாபம் நிறைய இருந்தும் சலுகைகளால் வரி கரைந்துபோகும் கம்பெனியைப் பிடிக்கிற வலை, 2019ல் 18.5லிருந்து 15 ஆக்கினார்கள், 2026 மார்ச் வரை அதுதான். உங்கள் அட்டெம்ப்ட்டுக்கு என்ன விகிதம் என்பதை, முந்தைய பதிலில் சொன்னபடி, பொருந்தும் நிதிச் சட்டத்தில் பாருங்கள். 22, 15 திட்டங்களில் போனவர்களுக்கு மேட் கிடையாது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது. 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டது: வருடத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமம் எந்த நாட்டில் லாபம் காட்டினாலும் அங்கே குறைந்தது 15 சதவீதமாவது வரி கட்டியிருக்க வேண்டும், குறைந்தால் மீதியை இன்னொரு நாடு வசூலிக்கலாம். இது சட்டத்தில் எழுதிய விகிதத்தைப் பார்ப்பதில்லை, உண்மையில் எவ்வளவு கட்டினார்கள் என்பதைப் பார்க்கும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இதனால் தூக்கம் கெடாது.

நல்லாத்தான் எழுதினேன், மார்க் குறைஞ்சிருக்கு. ரீவேல்யுவேஷன் கேட்கலாமா?

ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் வெரிஃபிகேஷன் கேட்கலாம். அதில் கூட்டலையும், திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். போட்ட மார்க்கை மறுபடி எடை போட மாட்டார்கள். விடைத்தாளின் நகலும் பணம் கட்டி வாங்கலாம். அதை வாங்குங்கள். பார்க்க வலிக்கும், ஆனால் 'நல்லாத்தான் எழுதினேன்' என்ற நினைப்புக்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

மறுமதிப்பீடு வேண்டும் என்று 2019 செப்டம்பரில் டெல்லியில் இன்ஸ்டிடியூட் தலைமை அலுவலகத்தின் முன்னால் மாணவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். கம்பெனி வரி குறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. கம்பெனிகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்தது, இவர்களுக்கு அத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்தும் கிடைக்கவில்லை என்று என் ஆர்டிகிள் ஒருத்தி அப்போது சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

ஒரு மார்க்ல போச்சு மேம். இனிமே புத்தகத்தைத் தொடவே பிடிக்கல.

இந்த வாரம் தொட வேண்டாம். மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை அலுவலகத்துக்கு வாருங்கள். எதில் 60 இருக்கிறது, எந்தப் பேப்பர் பாக்கி, வெரிஃபிகேஷனுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, மூன்றையும் பார்ப்போம். அந்தப் பழைய கால்குலேட்டரையும் கொண்டு வாருங்கள். மூலையில் 'எம்' நிற்கிறதா என்று நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.